தஞ்சையும் பாலக்காடும்: ஒப்பியல் அரசியல் நமக்குக் கற்பிப்பது என்ன?

(நீடாமங்கலத்தில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

‘ஒப்பியல் அரசியல்’ என்னும் தலைப்பைக் கேட்டவுடன், இது பல்கலைக்கழக மண்டபத்தில் பேச வேண்டிய பொருளாயிற்றே, களத்துமேட்டில் நின்று கூலி கேட்கும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தை முதலில் அகற்றிவிட விரும்புகிறேன். ஏனெனில், இந்தச் சாஸ்திரத்தின் அடிப்படையை இங்கே கூடியிருக்கும் ஒவ்வொரு விவசாயியும் அறிவார்.

அடுத்தடுத்து இரண்டு வயல்கள். ஒன்றில் கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. மற்றொன்றில் பதராய் நிற்கிறது. விவரமறிந்த விவசாயி என்ன செய்கிறார்? விதை ஒன்றா, நாற்று விட்ட நாள் ஒன்றா, எரு ஒன்றா, தண்ணீர் ஒரே மடையில் பாய்ந்ததா என்று வரிசையாகக் கேட்கிறார். அனைத்தும் ஒன்றாயிருந்து, ஏதோ ஒன்று மட்டும் வேறாக இருப்பின், அதன் மீதுதான் அவர் ஐயம் விழுகிறது. ‘எல்லாம் தலைவிதி’ என்று அவர் வரப்பில் உட்கார்ந்துவிடுவதில்லை.

வயலில் இவ்வளவு தெளிவாக நடந்துகொள்ளும் நாம் அரசியலுக்கு வந்ததும் அந்தத் தெளிவைத் தொலைத்துவிடுகிறோம். வென்ற ஊரில் நமது உழைப்பே வெற்றிக்குக் காரணம் என்கிறோம். தோற்ற ஊரில் எதிரியின் பணமே தோல்விக்குக் காரணம் என்கிறோம். வென்ற ஊரில் எதிரியிடம் பணம் இல்லையா? தோற்ற ஊரில் நமது தோழர்கள் உழைக்கவில்லையா? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காத கட்சி, தன் வெற்றியிலிருந்தும் பாடம் பெறாது. தோல்வியிலிருந்தும் பாடம் பெறாது. இன்று நான் கூற வந்தது இந்த ஒன்றைத்தான்.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் முதுமொழி. உண்மைதான். ஆனால் அது எப்பொழுது உண்மை? ஒரே பானையில், ஒரே உலையில், ஒரே நெருப்பில் வெந்த சோறாக இருக்கும்பொழுதுதான் உண்மை. நாடும் சமுதாயமும் ஒரே பானையன்று. தலைமடையிலே ஒரு நெருப்பு எரிகிறது. கடைமடையிலே வேறொரு நெருப்பு எரிகிறது. ஓர் ஊரைப் பார்த்துவிட்டு ஒரு மாவட்டத்திற்கும், ஒரு மாவட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாட்டிற்கும் தீர்ப்பு எழுதுவோர் அந்த முதுமொழியைத் தவறாகப் படித்தவர்களே!

இந்தத் துறையின் வரலாறு பழமையானது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் அவர் மாணவர்களும் 158 நகர அரசுகளின் ஆட்சிமுறைகளைத் திரட்டினர் என்று கூறுவர். அவற்றுள் ஏதன்ஸ் நகரின் ஆட்சிமுறை பற்றிய ஏடு எகிப்திய மணலிலிருந்து கிடைத்து, 1891-இல் அச்சேறிற்று. அரிஸ்டாட்டில் வெறுமனே தொகுத்து வைக்கவில்லை; எந்த ஆட்சி ஏன் நிலைக்கிறது, எது ஏன் கவிழ்கிறது என்று கேட்டார். செல்வர்க்கும் வறியவர்க்கும் இடையேயுள்ள பிளவே பல கவிழ்ப்புகளுக்கு அடிப்படை என்று கண்டார்.

ஆயினும் பின்னாளில், குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்கு முன்வரை, இத்துறை பெரும்பாலும் அரசியல் சட்டப் புத்தகங்களை அடுக்கி வைத்து ஒப்பிடுவதாகவே இருந்தது. பிரிட்டனில் எத்தனை சபை, பிரான்சில் எத்தனை சபை, அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு என்ன அதிகாரம் என்ற அளவிலே நின்றது. 1919-இல் ஜெர்மனி இயற்றிக்கொண்ட வைமார் அரசியல் சட்டம் ஏட்டளவில் மிகச் சிறந்த சட்டங்களுள் ஒன்று. அதன் கீழேயே 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். ஏட்டை ஒப்பிட்டவர்களால் அதை விளக்க முடியவில்லை.

அத்தனை தொலைவு ஏன் போக வேண்டும்? 1937-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. தீண்டாமை ஒழிப்பு அக்கட்சியின் திட்டத்தில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், இதே நீடாமங்கலத்தில், அக்கட்சியின் தென்தஞ்சை மாவட்ட மாநாடு நடந்தது. அந்த மாநாட்டுப் பொதுப்பந்தியில் அமர்ந்து உண்டதற்காகத் தாழ்த்தப்பட்ட மக்கள் அடிக்கப்பட்டனர், மொட்டையடிக்கப்பட்டனர், சாணிப்பால் புகட்டப்பட்டனர். ‘விடுதலை’யும் ‘குடி அரசு’ம் அச்செய்தியை வெளிக்கொணர்ந்து, வழக்கையும் சந்தித்தன. மேடையில் இருந்த கொள்கை ஒன்று. வயலில் இருந்த அதிகாரம் வேறொன்று. ஆகவே ஒப்பியலின் முதற்பாடம் இது: எழுதியதை எழுதியதோடு ஒப்பிடாதே; நடப்பதை நடப்பதோடு ஒப்பிடு.

போருக்குப் பின் அறிஞர் உலகமும் இந்தப் பக்கம் திரும்பிற்று. ஆல்மண்டும் வெர்பாவும் அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, மெக்சிகோ ஆகிய ஐந்து நாடுகளில் சாதாரண மக்களை நேரில் கண்டு, அரசாங்கத்தைப் பற்றி அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்று கேட்டு, 1963-இல் நூல் வெளியிட்டனர். மக்களைக் கேட்டது பாராட்டத் தக்கது. ஆனால், பிரிட்டனையும் அமெரிக்காவையும் அளவுகோலாக நட்டு, மற்றவர்கள் எத்தனை விரற்கடை குறைவு என்று அளந்தார்கள் என்ற கண்டனமும் உடனே எழுந்தது. அளவுகோலை யார் செய்தார் என்று கேட்பதும் ஒப்பியலின் ஒரு பகுதியே.

இனி முறைக்கு வருவோம். ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர் 1843-இல் இரண்டு வழிகளை வகுத்தார். பலவகையிலும் ஒத்த இரண்டு இடங்களில் விளைவு மட்டும் வேறுபடுமானால், அவ்விரண்டுக்கும் இடையே வேறாயிருக்கும் அந்த ஒன்றைத் தேடு என்பது ஒரு வழி. பலவகையிலும் வேறுபட்ட இரண்டு இடங்களில் ஒரே விளைவு தோன்றுமானால், அவ்விரண்டுக்கும் பொதுவாக இருக்கும் அந்த ஒன்றைத் தேடு என்பது மற்றொரு வழி.

இதை விளக்க இவ்வூருக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று நீர் மூன்றாகப் பிரிகிறது. வந்த தண்ணீர் ஒன்றே; பிரிந்து சென்று பாயும் நிலங்கள் வேறு. கடைசியில் ஒரு பகுதியில் விளைச்சல் குறைந்தால், மேட்டூரைக் குறை கூறிப் பயனில்லை. தலைப்புக்குக் கீழே என்ன வேறுபாடு என்றுதான் ஆராய வேண்டும். மாறாக, மூன்று பாசனத்திலும் பயிர் கருகினால், தலைப்புக்கு மேலே உள்ள பொதுக் காரணத்தைத் தேட வேண்டும். மில் கூறிய இரண்டு வழிகளும் அந்தத் தலைப்பின் கரையில் அடங்கிவிடுகின்றன.

தஞ்சை மாவட்டம் உலக அறிஞர்களின் ஆராய்ச்சிக் களமாக இருந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம். கேத்லின் கஃப் என்ற அம்மையார் 1951 முதல் 1953 வரை இங்கு இரண்டு ஊர்களில் தங்கி ஆராய்ந்தார். வடமேற்கில் உள்ள ஊருக்குக் ‘கும்பபேட்டை’ என்றும், கிழக்கில் உள்ள ஊருக்குக் ‘கிரிப்பூர்’ என்றும் புனைபெயர் இட்டார். ஒரே மாவட்டம், ஒரே ஆற்று நீர். ஆனால் கிழக்கில் கம்யூனிஸ்ட் இயக்கம் வேரூன்றியிருந்தது, வடமேற்கில் அவ்வாறில்லை. 1976-இல் மீண்டும் வந்து, கால் நூற்றாண்டில் என்ன மாறிற்று என்று கண்டார். இடத்தை இடத்தோடும், காலத்தைக் காலத்தோடும் ஒப்பிட்ட உழைப்பு அது. ஆந்த்ரே பெத்தேய் ‘ஸ்ரீபுரம்’ என்று பெயரிட்ட ஊரை ஆராய்ந்து 1965-இல் எழுதிய நூலில், சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றும் முன்பு ஒரே கையில் இருந்தன. இப்பொழுது அவை பிரிந்து வெவ்வேறு கைகளுக்குச் செல்கின்றன என்று காட்டினார். பிரான்சின் பிராங்கல் 1971-இல் வெளியிட்ட பசுமைப் புரட்சி பற்றிய நூலில் லூதியானா, மேற்குக் கோதாவரி, தஞ்சாவூர், பாலக்காடு, பர்துவான் என்னும் ஐந்து மாவட்டங்களை அருகருகே வைத்து, விளைச்சல் பெருகியபொழுது யார் பெருகினர், யார் சிறுத்தனர் என்று கேட்டார்.

அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தஞ்சையும் பாலக்காடும். இரண்டும் நெற்களஞ்சியங்கள். இரண்டிலும் கூலி விவசாயத் தொழிலாளர் பெருந்தொகையினர். இரண்டிலும் தீண்டாமையின் கொடுமை தலைவிரித்தாடிற்று. இரண்டிலும் செங்கொடிச் சங்கங்கள் எழுந்தன. 1956 அக்டோபர் 31 வரை இரண்டும் ஒரே சென்னை ராஜ்யத்தில், ஒரே சட்டசபையின் கீழ் இருந்தன. மறுநாள் மொழிவழிப் பிரிவினை. மலபாரோடு பாலக்காடு கேரளத்திற்குச் சென்றது. ஓர் ஆறு தலைப்பில் பிரிந்தது போல, இரண்டு மாவட்டங்களின் வரலாறும் அன்று பிரிந்தன.

கேரளத்தில் 1957 ஏப்ரல் 5-இல் ஈ. எம். எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை பதவி ஏற்றது. ஒரு வாரத்திற்குள் நிலவெளியேற்றத்தைத் தடுக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. 1959 ஜூனில் நிலச் சீர்திருத்த மசோதா நிறைவேறிற்று. ஜூலை 31-இல் அந்த மந்திரிசபை கலைக்கப்பட்டது. ஆயினும் கோரிக்கை கலையவில்லை. 1969-இல் ஈ. எம். எஸ். மந்திரிசபைக் காலத்தில் நிறைவேறிய திருத்தச் சட்டம், 1970 ஜனவரி 1 முதல், அச்சுத மேனன் மந்திரிசபையின் கீழ் நடைமுறைக்கு வந்தது. குத்தகை முறையே ஒழிந்தது. சாகுபடி செய்த குத்தகைதாரர் உரிமையாளர் ஆனார். குடிகிடப்புக்காரர்கள் தாம் குடியிருந்த மண்ணில், ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை பெறும் உரிமை பெற்றனர்.

இங்கே என்ன நடந்தது? 1955-இல் குத்தகை விவசாயிகளை வெளியேற்றத்திலிருந்து காக்கும் சட்டம். 1956-இல் நியாய வாரச் சட்டம். 1961-இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்பு. 1970-இல் அது 15 ஆகக் குறைப்பு. 1971-இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம். குத்தகைதாரருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் உரிமை மாறவில்லை. கோயில் நிலமும் மடத்து நிலமும் தனிச் சட்டத்தின் நிழலில் நின்றன. இந்த டெல்டாவில் அந்நிலங்களின் பரப்பு எத்தகையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

‘பார்த்தீர்களா! ஆட்சி வேறு, ஆகவே விளைவு வேறு’ என்று இங்கேயே முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது அரைகுறை ஒப்பீடு. மலபாரின் நில உறவு வேறு. தஞ்சையின் நில உறவு வேறு. அங்கே ஜென்மி, காணம், வெறும்பாட்டம் என்று குத்தகையின் அடுக்குகள் பல. போராட்டத்தின் முன்வரிசையில் குத்தகை விவசாயி நின்றான். இங்கே மிராசுதாருக்கு நேர் எதிரே பண்ணையாளும் கூலியாளும் நின்றனர். ஆகவே ஒன்றல்ல, குறைந்தது இரண்டு வேறுபாடுகள் உள்ளன. ஒப்பியலில் ‘காரணங்கள் பல, நிகழ்வுகள் சில’ என்பதே தீராத தொல்லை என்று லைப்ஹார்ட் 1971-இல் எழுதினார். நம்முடைய தொல்லையும் அதுவே.

இன்னொரு கேள்வியையும் அஞ்சாமல் கேட்க வேண்டும். கேரளத்தில் நிலம் யாருக்குக் கிடைத்தது? குத்தகைதாரருக்கு. பாலக்காட்டு வயலில் நாற்று நட்ட கூலிப் பெண்ணுக்கு நெல்வயல் கிடைக்கவில்லை, மனையே கிடைத்தது. பின்னர் 1974-இல் விவசாயத் தொழிலாளர் சட்டமும், 1980-இல் விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியமும் வந்தன. அவை அரிய வெற்றிகளே. ஆனால் நேற்றைய குத்தகைதாரன் இன்றைய நிலவுடைமையாளனாகிக் கூலி உயர்வை எதிர்த்து நின்ற காட்சியும் அங்கே உண்டு. 1970-களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெற்பரப்பு பின்னர் 2 லட்சம் ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று. அதற்குக் காரணம் ஒன்றன்று. எனினும் அந்த உண்மையை மறைத்துக்கொண்டு ஒப்பிடுவது நேர்மையன்று. ரொனால்ட் ஹெரிங் 1983-இல் கேரளம், இலங்கை, பாகிஸ்தான் ஆகியவற்றின் நிலச் சீர்திருத்தங்களை ஒப்பிட்டு நூல் எழுதினார். அத்தகைய நூல்களைப் படிக்கையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சட்டம் ‘உழுபவன்’ என்று யாரைச் சொல்கிறது?

இனி தஞ்சைக்குள்ளேயே வருவோம். ஜகோரியா என்ற அமெரிக்க அறிஞர் 1971-இல் இந்திய மாவட்டங்களின் புள்ளிவிவரங்களை அடுக்கி, நிலமற்றோர் தொகையும் மக்கள் நெருக்கமும் மிகுந்த இடங்களில் கம்யூனிஸ்ட் வாக்கும் மிகுதி என்று காட்டினார். பயனுள்ள செய்தி. ஆனால் மாவட்டத்தின் சராசரி என்பது எந்த மனிதனுடைய மனமும் அன்று. வாக்களித்தவர் நிலமற்றவர்தாமா என்பதை அந்தக் கணக்கு காட்டாது. தஞ்சை முழுவதற்கும் ஒரே சராசரி என்றால், திருவையாற்றுப் பக்கமும் நாகைப் பக்கமும் ஏன் வேறுபட்டன? மார்ஷல் பௌட்டன் 1985-இல் வெளியான நூலில் இதை உணர்ந்து, மாவட்டத்தை ஒரே பொருளாகக் கொள்ளாமல் பகுதி பகுதியாகவும் ஊர் ஊராகவும் பிரித்து ஆராய்ந்தார்.

பாரிங்டன் மூர் 1966-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், சீனத்தில் எழுந்தது போன்ற விவசாயப் புரட்சி இந்தியாவில் ஏன் எழவில்லை என்று கேட்டு, சாதி அமைப்பு மக்களை அடங்கியிருக்கப் பழக்கிவிட்டதை ஒரு காரணமாகக் காட்டினார். கீழத்தஞ்சை அவருக்கு என்ன பதில் கூறுகிறது? சாதி அங்கே இரண்டு வேலைகளையும் செய்தது. ஒரே சேரியில், ஒரே இழிவைச் சுமந்து, ஒரே பண்ணையில் உழைத்தவர்களை அது ஒன்றாகத் திரட்டிற்று, சேரியே சங்கமாயிற்று. கன்னட நாட்டிலிருந்து வந்த தோழர் பி. சீனிவாசராவ் 1943-இல் தொடங்கிய பணி அங்கே பற்றிக்கொண்டது. 1944-இல் மன்னார்குடி ஒப்பந்தம், 1948-இல் மாயவரம் ஒப்பந்தம் என்று வென்றது அந்த ஒற்றுமையே. அதே சாதிதான், சேரிக்கு வெளியே வாழ்ந்த ஏழைக் குத்தகைதாரனைச் சேரியிலிருந்து பிரித்தும் வைத்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டன. 1973-இல் உயர்நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் விடுதலை பெற்றனர். அந்தக் கொடுமைக்குப் பின்னரே 1969-இல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வெண்மணியை நாம் ஆண்டுதோறும் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். ஆனால் ஆராய்பவன் இன்னொன்றையும் கேட்பான்: இதே கூலி, இதே சேரி, இதே இழிவு இருந்தும் சங்கமே எழாத ஊர்கள் எவை, ஏன்? போராட்டம் நடந்த ஊர்களை மட்டும் எண்ணுபவன், பிழைத்த நோயாளிகளை மட்டும் எண்ணி மருந்தைப் புகழும் வைத்தியனுக்கு ஒப்பானவன்.

காலத்தைக் காலத்தோடு ஒப்பிடுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. 1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 இடங்களே பெற்றது. கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பெற்றது. அதே ஆண்டு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்கு என்று அது விதித்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்குவதைத் தடுத்தது. விளைவு என்ன? பண்ணையாளுக்குப் பாதுகாப்பு வந்ததும், பண்ணையாள் வைத்துக்கொள்வதையே மிராசுதார்கள் குறைத்தனர். அன்றாடக் கூலிகளைத் தேடினர். சட்டத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்பொழுது, நமக்குக் கிடைத்ததை மட்டும் எழுதிக்கொண்டால் போதாது. எதிரி எவ்வாறு தன் வழியை மாற்றிக்கொண்டான் என்பதையும் எழுத வேண்டும்.

கணக்கெடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது; பின்னர் 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களும் அமைந்தன. 1951-இன் ‘தஞ்சை’யும் இன்றைய ‘தஞ்சை’யும் ஒரே நிலப்பரப்பன்று. பெயர் ஒன்றாக இருக்கிறது என்று எண்களை அருகருகே வைத்தால், மரக்காலையும் படியையும் ஒன்றாக எண்ணிய கதையாகிவிடும்.

தோழர்களே! இவற்றையெல்லாம் உங்கள் கிளையில் எவ்வாறு கைக்கொள்வது? ஒன்று கூறுகிறேன். டெல்டாவில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மனையிலும் மடத்து மனையிலும் பட்டாவின்றிக் குடியிருப்போர் பலர். பட்டாக் கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டத்தில் கோரிக்கை வென்ற ஓர் ஊரையும், வெல்லாத ஓர் ஊரையும் தேர்ந்தெடுங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒத்தவையாக இருக்கட்டும். நிலம் யாருடையது, குடியிருப்போர் யார் யார், மனு எந்த ஆண்டு கொடுக்கப்பட்டது, பெண்கள் எத்தனை பேர் கூட்டத்திற்கு வந்தனர், ஊரின் மற்றத் தெருக்கள் துணை நின்றனவா என்று ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பிறகு, கோரிக்கையே எழாத மூன்றாவது ஊர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று ஊர்க் கணக்கு, முப்பது மேடைப் பேச்சை விட அதிகம் சொல்லும். இறுதியாக, நீங்கள் எதிர்பார்த்த விடை வராவிட்டால் கணக்கைத் திருத்தாதீர்கள், எதிர்பார்ப்பைத் திருத்துங்கள்.

பாலக்காடு வென்றதெல்லாம் அந்த மண்ணின் குணம் என்றும், தஞ்சை வெல்லாததெல்லாம் இந்த மண்ணின் விதி என்றும் கூறுவோர் உண்டு. 1956 வரை ஒரே சட்டசபையின் கீழ் இருந்த இரண்டு மாவட்டங்கள், ஒரு தலைமுறைக்குள் குத்தகைதாரர் நிலையிலும் மனை உரிமையிலும் இவ்வளவு வேறுபட முடியுமெனில், அது விதியாக இருக்க முடியாது. மனிதர் இயற்றிய சட்டமும், மனிதர் திரட்டிய அமைப்பும், மனிதர் செய்த தேர்வுமே அந்த வேறுபாட்டை விளைத்தன. மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அடுத்த கிளைக் கூட்டத்திற்கு அந்த மூன்று ஊர்க் கணக்கோடு வாருங்கள்.